ஒல்லாந்தாய்தம்போல ரெண்டு நைட் தங்கலாமா, இல்ல ட்ரெயின் ஏற மட்டும் போனா போதுமா?

மலைக்காத்து:
ஜூன் கடைசில பெரு போறோம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு 62, முட்டி வலி உண்டு, சுத்த சைவம் வேற. மாச்சு பிச்சு டிக்கெட் போட்டாச்சு. எல்லாரும் குஸ்கோல தங்கிட்டு விடியக்காலைல எந்திரிச்சு ஒல்லாந்தாய்தம்போ போய் மாச்சு பிச்சு ட்ரெயின் பிடிங்கங்கறாங்க. அந்த ஊர்லயே ரெண்டு நைட் தங்கினா என்னன்னு தோணுது. பாக்க ஏதாச்சும் இருக்கா? உயரத்தை நெனச்சாதான் பயமா இருக்கு.

பழைய செருப்பு:
தாராளமா தங்குங்க. சொல்லப்போனா குஸ்கோ ஏர்போர்ட்ல எறங்கின உடனே டாக்ஸி புடிச்சு நேரா அங்க போயிடுங்க, குஸ்கோவ கடைசில பாத்துக்கலாம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், ஒல்லாந்தா (அங்க உள்ளவங்க ஒயாந்தான்னுதான் சொல்வாங்க) 2,800 கிட்ட, முதல் ராத்திரி தூங்கறதுக்கு அந்த 600 மீட்டர் பெரிய வித்தியாசம். சின்செரோங்கற மலை ஊர் வழியா போனா நடுவுல 3,700க்கு மேல ஏறி எறங்கும், தலை கிர்ருனு இருந்தா பயப்படாதீங்க. டயமாக்ஸ் (உயரத்துல வர்ற தலைவலி, மயக்கத்துக்கான மாத்திரை) வேணுமான்னு மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

ஊர பத்தி சொல்லணும்னா, இன்கா காலத்துல (ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடி இங்க ஆண்டவங்க) போட்ட தெருவுலயே ஜனங்க இன்னும் குடியிருக்காங்க, கல்லு பாவின சந்து, ஓரமா வாய்க்கால்ல சலசலன்னு தண்ணி, அதுக்கே ஒரு சாயங்காலம் போயிடும். கோட்டை மேல ஆறு பெரிய கல்லு நிக்கும் பாருங்க, ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற மலைலேருந்து வெட்டி பள்ளத்தாக்குல எறக்கி ஆத்த தாண்டி திரும்ப மேல ஏத்தியிருக்காங்க, பாதி வழில விட்டுட்டுப் போன கல்லுங்களும் அங்கங்க கெடக்கு, அதுக்கு 'களைச்ச கல்லு'ன்னே பேரு. 1537ல இன்கா ராஜா மான்கோ இன்கா ஸ்பானியர்களை விரட்டினதும் இங்கதான், கீழ இருக்கற சமவெளில தண்ணிய தெறந்து விட்டு குதிரைய ஓட விடாம பண்ணிட்டாரு. காலைல தெறந்த உடனே போங்க, டூர் பஸ் வந்துட்டா படிக்கட்டுல நிக்க எடம் இருக்காது.

வழிப்போக்கன்:
மேல சொன்னது சரிதான், ஆனா அம்மா முட்டிய மறந்துட்டீங்களே. கோட்டை படி செங்குத்து, ஒவ்வொண்ணும் உயரம். அவங்க கீழ இருக்கற நீர்த்தொட்டி பக்கம் சுத்திட்டு உக்காரட்டும், நீங்க மட்டும் ஏறுங்க. எதிர் மலைல பின்குயுனா தானியக் கிடங்குக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல, ஆனா பாதை இன்னும் மோசம், கைப்பிடி இல்லாத எடமெல்லாம் இருக்கு.

அம்மாவோட போறதுக்கு மோராய், மாராஸ்தான் பெஸ்ட். அரை நாளைக்கு டாக்ஸி பேசிக்கோங்க. மோராய்ல வட்ட வட்டமா எறங்குற இன்கா அடுக்கு நெலம், மேல நின்னே முழுசா பாத்துடலாம். மாராஸ்ல மலைச்சரிவுல 3,000க்கு மேல உப்புப் பாத்தி, ஒரே ஒரு உப்பு ஊத்துலேருந்து வாய்க்கால் வழியா எல்லாத்துக்கும் தண்ணி போகுது, ஊர்க் குடும்பங்கதான் இன்னமும் உப்பு எடுக்குது. ஜூன்னா மழை இல்லாத சீசன், பாத்தி வெள்ளையா இருக்கும், கூலிங் கிளாஸ் மறக்காதீங்க. டிக்கெட் விஷயம்: ஒல்லாந்தா, மோராய், பீசாக், சின்செரோ நாலும் ஒரே கூட்டு டிக்கெட்ல வரும், நான் போனப்ப ரெண்டு நாளைக்கு 70 சோல் (பெரு காசு). மாராஸ் உப்பளம் அதுல வராது, அங்க தனியா சில்லற காசா குடுக்கணும்.

மலைக்காத்து:
ரொம்ப தேங்க்ஸ்! ஜூன் 24 குஸ்கோல இருக்கற மாதிரி பிளான் போட்டிருந்தேன், அதையும் மாத்தணுமா? அப்புறம் சாப்பாடு?

சோளக்கதிர்:
24 இன்டி ராய்மி, சூரியத் திருவிழா. பாக்கணும்னா ரூம் இப்பவே போடுங்க, வேணாம்னா அன்னிக்கு ஒல்லாந்தால இருந்துடுங்க.

சாப்பாட்டுக்கு கீன்வா (அங்க வெளையற ஒரு சின்ன தானியம்) சூப், உருளைக்கெழங்கு எல்லாம் கெடைக்கும், ஆனா 'சின் கார்னே' (கறி இல்லாம)ன்னு மட்டும் சொன்னா மாட்டுக்கறி இல்லன்னு எடுத்துக்கிட்டு கோழி போட்டுடுவாங்க, 'சின் போயோ' (கோழி இல்லாம)வும் சேத்து சொல்லுங்க, சூப் கோழித் தண்ணில வெச்சதான்னும் கேளுங்க. நாங்க ரெண்டாவது நாள்தான் கத்துக்கிட்டோம் 😅 அம்மாவுக்கு பிளாசா பக்கம் விக்கற வேக வெச்ச மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும் கண்டிப்பா புடிக்கும், ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் சைஸ். ஏதாச்சும் வீட்டு வாசல்ல கம்புல செவப்பு பை தொங்கினா அங்க சிச்சா, அதாவது சோளக்கள்ளு இருக்குன்னு அர்த்தம்.

ராத்திரி குளிர் எலும்ப தொளைக்கும், ஹீட்டர் இருக்கான்னு கேட்டு ரூம் போடுங்க. ட்ரெயின்ல சின்ன பைதான் அலோ பண்ணுவாங்க, பெரிய பெட்டிய ஓட்டல்லயே விட்டுட்டு போங்க. மாச்சு பிச்சு கேட்ல ஒரிஜினல் பாஸ்போர்ட் கேப்பாங்க, அத பெட்டில வெச்சுப் பூட்டிட்டுப் போயிடாதீங்க.