எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) உங்களுக்கு எப்படி பிடிக்க ஆரம்பிச்சுது? தரையில விழுந்ததும் எனக்கு போர் அடிக்குது

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. நான் பாக்ஸிங் மட்டும் பாக்குற ஆளு. மச்சான் ஒருத்தன் யூஎஃப்சி (எம்எம்ஏ போட்டி நடத்துற பெரிய கம்பெனி) வெறியன், அவன் போட்டு பாக்கும்போது கூட உக்காந்து உக்காந்து இப்ப எனக்கும் லேசா பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. நின்னு அடிச்சுக்குற வரைக்கும் செமயா இருக்கு, ஆனா ஒருத்தன் இன்னொருத்தன தூக்கிப் போட்டு மேல படுத்துட்டான்னா அவ்ளோதான், என் கை தானா ஃபோனுக்கு போயிருது. அந்த நேரத்துல பாத்தா இவன் மட்டும் "கால உருவிட்டான் பாரு, உருவிட்டான் பாரு"ன்னு கத்துறான், எந்தக் கால, எதுக்கு உருவணும், எனக்கு ஒரு எழவும் புரியல. இங்க வருஷக்கணக்கா பாக்குறவங்க இருக்கீங்க, உங்களுக்கு எடுத்ததுமே பிடிச்சுதா இல்ல மெதுவாவா? அந்த தரை சண்டையில என்னத்ததான் பாக்கணும்?

பழையகேசட்:
மெதுவாத்தான் பாஸ். எனக்கும் ஆரம்பத்துல நாக்அவுட் க்ளிப் மட்டும்தான். முழு ஃபைட் உக்காந்து பாக்க வச்சது 2010ல நடந்த ஆண்டர்சன் சில்வா - சேல் சோனன் ஃபைட். சில்வா அப்ப யாராலயும் தொட முடியாத சாம்பியன், சோனன் வாய்ச்சவடால் பார்ட்டி, ஆனா உள்ள போனதும் நாலு ரவுண்டு சில்வாவ கீழ போட்டு மேல உக்காந்து அடி அடின்னு அடிக்கிறான், அஞ்சாவது ரவுண்டுலயும் அதே கதை, இன்னும் ரெண்டு நிமிஷம் கூட இல்ல, பெல்ட் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. அந்த நேரத்துல கீழ மல்லாக்க கெடந்த சில்வா ரெண்டு காலயும் அவன் கழுத்துல சுத்தி ட்ரையாங்கிள் போட்டு கையையும் சேத்து இழுத்தான் பாருங்க, சோனன் டேப் பண்ணிட்டான், அதாவது கையால தட்டி தோல்விய ஒத்துக்கிட்டான். கீழ கெடக்குறவன் தோத்துட்டு இருக்கான்னுதான அதுவரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன், அங்கதான் இந்த கேம் வேறன்னு தெரிஞ்சுது.

அப்புறம் பின்னாடி போயி 1993ல நடந்த முதல் யூஎஃப்சில இருந்து பாக்க ஆரம்பிச்சேன். அப்ப வெயிட் கிளாஸ் கெடையாது, க்ளவுஸ் கட்டாயம் கெடையாது, ஒரு பாக்ஸர் ஒத்தக் கையில மட்டும் க்ளவுஸ் மாட்டிட்டு வந்து நிப்பாரு. ஹோய்ஸ் கிரேஸின்னு ஒல்லியா ஒரு ஆளு வெள்ளை கி (ஜூடோக்காரங்க போடுற மாதிரி உடுப்பு) போட்டுட்டு வந்து ஒரே நைட்டுல மூணு பேர தோக்கடிச்சிட்டு போயிருவாரு. 1994ல அவர விட ரொம்பவே வெயிட்டான ரெஸ்லர் டான் செவர்ன் கால் மணி நேரம் மேல படுத்து நசுக்குறான், அவர் கீழயே கெடந்து கடைசில அதே ட்ரையாங்கிள். பாக்க ரொம்ப ஸ்லோ, உங்களுக்கு சொல்ல மாட்டேன், ஆனா கதை தெரிஞ்சா பொறுமை தானா வரும்.

உங்க மச்சான் கத்துறதுக்கு அர்த்தம் இதுதான். கீழ இருக்கவன் மேல இருக்கவன் இடுப்ப ரெண்டு காலால பூட்டி வச்சிருந்தா அது கார்டு, அங்க இருந்து ட்ரையாங்கிள், ஆர்ம்பார் (முழங்கைய எதிர்ப்பக்கம் மடக்குற பிடி) எல்லாம் போடலாம், அதனால அவனுக்கு ஓரளவு சேஃப். மேல இருக்கவன் ஒரு கால உருவிட்டா ஹாஃப் கார்டு. இன்னொண்ணையும் உருவிட்டு நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டா மவுன்ட், கீழ உள்ளவன் காலி. அதாவது நீங்க ஃபோன எடுக்குற நேரத்துலதான் ஃபைட்டே நடக்குது. ஆளுங்க மூஞ்சிய பாக்காதீங்க, இடுப்பையும் காலையும் மட்டும் பாருங்க.

ஓரஇருக்கை:
பழையகேசட் அண்ணன் எப்பவும் இப்படித்தான், புதுசா வர்றவங்கள 1994க்கு கூட்டிட்டு போயி தூங்க வச்சிருவாரு 😂

பாக்ஸிங் ஆளுன்னா நின்னு அடிக்கிறதுல இருந்தே வாங்க ப்ரோ, நான் அப்படித்தான் வந்தேன். 2021 ஜனவரில நடந்த பொரியே - மெக்ரெகர் ரெண்டாவது ஃபைட்ட போடுங்க. மெக்ரெகர் முன்னங்கால்ல வெயிட்ட போட்டு அகலமா நிப்பான், பாக்ஸிங்க்கு சரி, ஆனா பொரியே அந்தக் கால் கெண்டைச்சதையிலயே உதைச்சிட்டு இருப்பான். முழங்காலுக்கு கீழ நரம்பு செத்துப் போன மாதிரி ஆயிரும், கால ஊனவே முடியாது, நகர முடியாதவன் குத்துக்கு எப்படி தப்பிப்பான், ரெண்டாவது ரவுண்டுலயே முடிஞ்சுது. ஒரு உதை எப்படி ஒருத்தனோட கைய நிறுத்துதுன்னு அங்க தெரியும். டேக்டவுனும் (எதிராளிய தரையில தள்ளுறது) அதே மாதிரிதான், ஒரு தடவ தூக்கிப் போட்டுட்டான்னா அடுத்து அவன் தோள அசைச்சாலே எதிராளி கை தன்னால கீழ எறங்கும், மூஞ்சி தொறந்துரும். 2018ல, தூக்கிப் போடுறதுக்கே பேர் போன கபீப், மெக்ரெகர ஒரே குத்துல கீழ உக்கார வச்சது இதனாலதான்னு நான் சொல்லுவேன், கபீப் ஒண்ணும் பெரிய பாக்ஸர் கெடையாது.

அரைத்தூக்கம்:
யோவ் சில்வா சோனன் பாத்துட்டேன், கடைசி ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னுட்டேன். ஒரு டவுட்டு, அந்த ட்ரையாங்கிள்ல மூச்சு தான அடைக்கும், கொஞ்ச நேரம் தம் கட்ட முடியாதா? அப்புறம் சில்வா பிடிக்காம விட்டிருந்தா சோனன்தான் ஜெயிச்சிருப்பானா, ஸ்கோர் எப்படி போடுறாங்க?

பழையகேசட்:
மூச்சு இல்ல பாஸ், ரத்தம். ஒரு பக்கம் எதிராளி தொடை, இன்னொரு பக்கம் அவனோட சொந்தத் தோளே கழுத்த அமுக்கும், மூளைக்கு போற ரத்தம் கொறஞ்சு சில செகண்டுல மயங்கிருவான். தம் கட்டி பிரயோஜனம் இல்ல.

நடுவர்மேலகேஸ்:
ஸ்கோர் கேட்டீங்களா, உக்காருங்க. பாக்ஸிங்ல இருந்து எடுத்த அதே 10-9 தான் (ரவுண்டு ஜெயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்கு பொதுவா 9), மூணு ஜட்ஜ், சாதா ஃபைட்டுக்கு மூணு ரவுண்டு, டைட்டில்னா அஞ்சு, ரவுண்டு அஞ்சு நிமிஷம். ஆமா, சோனன் ஈசியா ஜெயிச்சிருப்பான். ஆனா இப்ப உள்ள ரூல்படி சும்மா மேல படுத்துக் கெடந்தா மார்க் கெடையாது, அடியோ சப்மிஷன் (பிடி போட்டு தோல்விய ஒத்துக்க வைக்கிறது) முயற்சியோ எதிராளிய பாதிச்சுதான்னுதான் முதல்ல பாக்கணும், யார் கன்ட்ரோல் பண்ணாங்கறதெல்லாம் மத்தது சமமா இருந்தாத்தான். பேப்பர்ல அப்படி. நடைமுறையில ஜட்ஜ் மூணு பேரும் மூணு ஃபைட் பாத்த மாதிரி கார்டு வரும். 2020ல ஜாங் வெய்லி - ஜோவானா ஃபைட் ஸ்பிலிட் டெசிஷன், ரெண்டு ஜட்ஜ் ஜாங்குக்கு, ஒருத்தர் ஜோவானாவுக்கு, நான் ஜோவானாவுக்குத்தான் குடுத்தேன்.

ஓரஇருக்கை:
ஆரம்பிச்சிட்டான்யா. அது ஜாங் ஃபைட், கமென்ட்ரிய மியூட்ல போட்டு மறுபடி பாரு.

நடுவர்மேலகேஸ்:
மியூட்லதான் பாத்தேன். ரவுண்டு ரவுண்டா வரவா?