அடிக்கு முன்னால் அந்தக் குட்டித் தாவல்: வேண்டுமா, வீணா?

நெல்லை லிபரோ:
பக்கத்து இழையில் மண்தரை அண்ணன் "வாலிபால் பின்கோட்டில் நிற்பவன் ஸ்மாஷுக்கு முன்னால் தாவினால் அரை நொடி போச்சு, ஆணி அடித்தாற்போல் நில்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. தாவல் என்றால் வானத்துக்கு இல்லை, பாதம் விரற்கடை எழும்பினால் போதும். அடிப்பவன் கை பந்தில் படும்போது இரண்டு பாதமும் தரைக்கு வந்திருக்க வேண்டும், பாரம் முன்பாதத்தில், குதிகால் லேசாகத் தூக்கி. இறங்கும்போது முட்டி மடங்கும். அந்த மடக்கத்திலிருந்துதான் இடமோ வலமோ பாய முடியும். டென்னிஸில் சர்வீஸை எதிர்கொள்பவர்கள் செய்வதும் இதுதான்.

மண்தரை மன்னன்:
தம்பி, பின்கோட்டின் இடது பக்கமான ஐந்தாம் இடத்தில் 22 வருஷம் நின்றவன் நான். மண்ணில் தாவிப் பார், கால் வழுக்கும். நீ சிந்தடிக் தளத்தில் ஷூ மாட்டி ஆடுகிற ஆள். அரை நொடி என்றால் அரை நொடிதான்.

கணக்குப்பிள்ளை:
மணிக்கு 100 கி.மீ. வேக ஸ்மாஷ் நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்பவனிடம் கால் நொடி சொச்சத்தில் வந்து சேரும். பந்தே அரை நொடி எடுக்காதபோது தாவலில் எப்படி அரை நொடி போகும்?

மண்தரை மன்னன்:
நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். இருப்பதே கால் நொடி. அதில் அரை நொடியைத் தாவலுக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன?

நெல்லை லிபரோ:
தாவுவது அடிக்கு முன்னால் அண்ணே! அடி விழும்போது கால் தரையில்! "முன்னால்" என்ற சொல் மட்டும் உங்கள் கண்ணில் படாதா?

மண்தரை மன்னன்:
பின்கோட்டில் மட்டும் நின்று பந்து எடுக்கும் லிபரோ என்ற பதவியே 1998இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஆறு பேரும் சுற்றிச் சுற்றிப் பின்கோட்டுக்கு வந்து பந்து எடுத்தோம். வேறு நிறச் சட்டை போட்டதும் சிலருக்குத் தலைக்கனம்.

ஜப்பான் ரசிகை:
1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் பெண்கள் தங்கம் வென்றது உருண்டு எடுத்த பந்துகளால். பாய்ந்து எடுத்து, தோளில் உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்பார்கள். அதைப் பழகாமல் தாவலைப் பற்றி என்ன பேச்சு?

மண்தரை மன்னன்:
அம்மா, உருள்வது வேறு, தாவுவது வேறு. எங்கள் தரையில் உருண்டால் தோளில் தோல் இருக்காது.

செந்தமிழ்ச் சேவகன்:
முதலில் இந்த விளையாட்டின் பெயர் கையுந்துபந்து. ஸ்மாஷ், லிபரோ, ஷூ... ஒரு பதிவிலாவது தமிழ் உண்டா?

கணக்குப்பிள்ளை:
ஐயா, கையுந்துபந்தில் அரை நொடிக்கு எத்தனை கால் நொடி என்று நீங்களாவது அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

பழைய கோச்:
இரண்டடி தூரத்துக்குப் பக்கவாட்டில் காலை நகர்த்து, குறுக்கே போடாதே. தூரத்தில் விழும் பந்துக்கு ஒரு காலைக் குறுக்கே போட்டு ஓடு. ஓடும்போதே அடிப்பவன் கை ஓங்கிவிட்டால், எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில்.

மண்தரை மன்னன்:
பார்த்தீர்களா? கோச்சே "நில்" என்கிறார்!

பழைய கோச்:
நான் சொன்னது ஓடுகிறவனுக்கு...

மண்தரை மன்னன்:
நில் என்றால் நில்தான் சார்.

நெல்லை லிபரோ:
பொங்கல் போட்டி இறுதி ஆட்டத்தில் நின்றீர்களே, மறந்துவிட்டதா? கடைசி செட், 13-14. எதிரணிக்காரன் ஓங்கி அடிப்பதுபோல் வந்து, மெல்லத் தட்டிப் பிளேசிங் போட்டான். உங்களுக்கு மூன்றடி முன்னால் பந்து பூப்போல விழுந்தது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். ஆணி.

மண்தரை மன்னன்:
அந்தப் பந்து வலையருகே தடுக்கும் பிளாக்கர் எடுக்க வேண்டியது. பிளாக்குக்கு வராமல் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தது யாருடைய மச்சான் என்று ஊருக்கே தெரியும்.

நெல்லை லிபரோ:
மச்சானை இழுக்காதீர்கள்.

மண்தரை மன்னன்:
ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வா. நீ தாவு, நான் நிற்கிறேன். கணக்குப்பிள்ளை கடிகாரத்தோடு வரட்டும்.

நெல்லை லிபரோ:
போன தடவையும் ஆறு என்றுதான் சொன்னீர்கள். வந்தது எட்டரைக்கு.

மண்தரை மன்னன்:
எட்டரை இல்லை. எட்டே கால்.