பீச் வாலிபால்: மூன்று முறைதான் தொட்டோம், நடுவர் நான்கு என்கிறார் – உடனே உதவி தேவை

தென்றல்21:
வணக்கம். இன்று காலை அரையிறுதியில், இரண்டாவது செட்டில் 19–20 என்று பின்தங்கியிருந்தபோது, நாங்கள் பந்தை நான்கு முறை தொட்டதாக நடுவர் விசிலடித்துவிட்டார். எடுத்தது, தூக்கியது, அடித்தது என ஓர் அணிக்கு அனுமதித்த மூன்றே தொடுதல்கள்தான். சுற்றி நின்று பார்த்தவர்களும் அதையே சொல்கிறார்கள். நாளை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருப்பதால், விதி தெரிந்தவர்கள் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

அலைவாசி:
அந்தப் பந்து உங்கள் பக்கம் சர்வீஸாக வந்ததா, ஸ்மாஷாக வந்ததா? எதிரணி அடித்த பந்தை வலையருகே கைகளை உயர்த்தித் தடுக்க, அதாவது பிளாக்குக்கு, யாராவது எழும்பினீர்களா? பக்கத்துக்கு இருவரா, நால்வரா? இவை தெரியாமல் நடுவர் சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளைமணல்:
எந்தப் பந்தில் ஆடினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பீச் பந்தின் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.175 முதல் 0.225 கிலோ வரைதான் இருக்க வேண்டும். உள்ளரங்கப் பந்திலோ அது 0.30க்கு மேல். உள்ளூர்ப் போட்டிகளில் உள்ளரங்கப் பந்தையே மணலுக்கும் கொண்டுவந்துவிடுவதால், எடுக்கும்போது அது கையில் இரண்டு முறை துள்ளிவிடுகிறது. உங்கள் நடுவர் அதைத்தான் கூடுதல் தொடுதலாக எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கோட்டுக்காவலர்:
அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஒருவர் கையில் பந்து இரட்டையாகப் பட்டால் அது தனிக் குற்றம். அதை யாரும் ‘நான்கு தொடுதல்’ என்று அறிவிப்பதில்லை. விதிப்புத்தகத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்துவிட்டு மணலில் இறங்குங்கள் என்று இங்கே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், கேட்பவர் குறைவு. உள்ளரங்கில் பிளாக்கில் பட்ட பந்துக்குப் பிறகும் அணிக்கு மூன்று தொடுதல்கள் உண்டு. பீச்சில் பிளாக்கே முதல் தொடுதல், மீதம் இரண்டுதான். விரல் நுனியில் உரசினாலும் கணக்கு அதுவே. கேள்வி கேட்டவர் பிளாக்கைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதிலிருந்தே நடந்தது விளங்குகிறது.

அலைவாசி:
ஐயா, கேட்பவர் வருத்தத்தில் இருக்கிறார், சற்று மென்மையாகச் சொல்லலாம். மேலும் ஒரு விதிவிலக்கையும் பார்க்க வேண்டும். வலைக்கு மேலே இரு அணியினரும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டு, அதன்பின் பந்து ஆட்டத்திலேயே இருந்தால், அது எந்தப் பக்கம் வருகிறதோ அந்த அணிக்குப் புதிதாக மூன்று தொடுதல்கள் கிடைக்கும். அப்படி நடந்திருந்தால் நடுவரின் முடிவு தவறு.

இடதுகை:
பிளாக்கும் ஒரு தொடுதல் என்பதே விதியாக இருக்கட்டும், எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. உள்ளரங்கில் ஒன்பதுக்கு ஒன்பது மீட்டர் இடத்தை ஆறு பேர் காக்கிறார்கள். இங்கே எட்டுக்கு எட்டு மீட்டரை இருவர் காக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் வலையருகே எழும்பினால் அதற்கும் ஒரு தொடுதலைப் பிடுங்கிக்கொள்வதா? இவ்வளவு கண்டிப்பான நடுவர்கள், விரித்த விரல்களால் பந்தை வலைக்கு மேல் தட்டிப் போடுபவர்களை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள்.

வெள்ளைமணல்:
மென்மையாகத் தட்டுவதில் என்ன குற்றம்? உள்ளரங்கில் எல்லோரும் செய்வதுதானே?

கோட்டுக்காவலர்:
மறுபடியும் உள்ளரங்கா! பீச்சில் விரித்த விரல் நுனிகளால் தட்டி அனுப்புவது குற்றம். விரல் முட்டிகளால் தள்ளலாம், அல்லது விரல்களைச் சேர்த்து விறைப்பாக வைத்துத் தட்டலாம். கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுப்பது போலத் தலைக்கு மேல் இரு கைகளாலும் மறுபக்கம் அனுப்புவதானால், தோள்களின் கோட்டுக்குச் செங்குத்தாக, நேர் முன்னாலோ நேர் பின்னாலோதான் பந்து போக வேண்டும்.

இடதுகை:
கூட்டாளிக்காகத் தூக்கிய பந்தைக் காற்று பக்கவாட்டில் கொண்டுபோய் வலைக்கு அப்பால் போட்டால்? போன மாதம் எங்கள் ஆட்டத்தில் அதற்கும் விசிலடித்தார்கள்.

கோட்டுக்காவலர்:
கூட்டாளிக்குத் தூக்கும் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் அது குற்றமல்ல. நீங்கள் எங்கே பார்த்துத் தூக்கினீர்கள், கூட்டாளி எங்கே நின்றார் என்பதை வைத்துத்தான் நடுவர் முடிவெடுப்பார். நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து அந்த நடுவரைக் குறைகூற நான் தயாரில்லை.

தென்றல்21:
பக்கத்துக்கு இருவர்தான். எதிரணியின் ஸ்மாஷுக்குக் கூட்டாளி மட்டுமே எழும்பினார், பந்து விரலில் உரசியதாக இப்போது சொல்கிறார். எதிரணி அதே நேரத்தில் தொடவில்லை. அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: பிளாக் செய்தவரே அடுத்ததாகவும் பந்தைத் தொடலாமா?

அலைவாசி:
தாராளமாகத் தொடலாம், ஒருவர் தொடர்ந்து இரு முறை தொடக் கூடாது என்பதற்கு பிளாக் விதிவிலக்கு. ஆனால் அது இரண்டாவது தொடுதலாகிவிடுவதால், அதற்கடுத்த தொடுதலில் பந்து மறுபக்கம் போயே ஆக வேண்டும். ஆகையால் நாளை பிளாக்கில் பந்து பட்டவுடன் கூட்டாளி ‘தொட்டேன்’ என்று உரக்கக் கத்தட்டும். பின்னால் நிற்கும் நீங்கள் அதைக் கேட்டதும், பந்தை வழக்கம்போல எடுத்துக் கொடுக்காமல், அவர் எழும்பி அடிக்கும் உயரத்துக்கு நேராகத் தூக்கிவிடுங்கள்.