செக் நாட்டு அசையும் உருவங்கள்: காசிமேட்டில் ஒரு கிடங்கு கிடைத்திருக்கிறது, யாரைப் பார்த்துக் கற்கலாம்?

கேள்வி: ராயபுரம் மண்பொம்மை

வணக்கம். கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து முடித்தவன். காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா வலை போட்டு வைக்கும் கிடங்கு ஒன்று இருக்கிறது. ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டால் அது காலிதான். ஆடி மாதம் முழுக்க உன் பொம்மைகளை வைத்துக்கொள் என்கிறார். மனித உடலும் அசைவும் சேர்ந்த ஒரு சின்னக் கண்காட்சி வைக்க ஆசை.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் செக் கலைஞர் கிரிஷ்டோஃப் கிண்டெரா 2005-ல் செய்த 'ரெவல்யூஷன்' என்ற வேலை. குல்லா வைத்த சட்டை போட்ட ஒரு சிறுவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தலையை மோதிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். வீடியோவில் பார்த்துவிட்டு இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. அந்த ஊரில் இந்த வழியில் வேறு யார் யார் செய்கிறார்கள்? அப்புறம், ப்ரொஜெக்டர் வைத்து வீடியோவும் ஓட்டலாமா? பார்க்க வருபவர்கள் மீன் விற்கும் அக்காக்கள், பள்ளிப் பிள்ளைகள், ஐஸ் உடைக்கும் அண்ணன்கள். பெரிய விளக்கமெல்லாம் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பதில்: வியாசர்பாடி கேரம்

ப்ரொஜெக்டர் வேண்டுமென்றால் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கேளுங்கள், முகூர்த்தம் இல்லாத ஆடியில் சும்மாதான் கிடக்கும். செக் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் ஒரு பெரிய தலை துண்டு துண்டாகச் சுழல்கிற வீடியோவை வாட்ஸ்அப்பில் வாரம் ஒருவர் அனுப்புகிறார். அதையும் யாராவது விளக்குங்கள்.

பதில்: பெரம்பூர் மெக்கானிக்

நான் வேலை பார்த்த வண்டி உதிரிபாகக் கம்பெனி என்னைக் கொஞ்ச காலம் செக் நாட்டுக்கு அனுப்பியிருந்தது. சனிக்கிழமை ஆனால் ரயிலேறி ப்ராக் போய்விடுவேன். கலை படித்தவன் இல்லை. எந்தச் சிற்பம் நகர்ந்தாலும் அடியில் என்ன மோட்டார் என்று குனிந்து பார்க்கிற ஜாதி. அந்தக் கண்ணோடுதான் சொல்ல முடியும்.

ப்ரொஜெக்டரை மறந்துவிடுங்கள். கிண்டெராவின் பையன் உங்களைப் பிடித்து உலுக்கியதற்குக் காரணம், அவன் நிஜமான சுவரில் மோதுகிறான், சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு அசைவு. இதையே திரையில் ஓட்டினால் அக்காக்கள் அரை நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் கையிலேயே ஆளுக்கொரு திரை இருக்கிறது.

சுழலும் தலை ப்ராக் எழுத்தாளர் காஃப்காவுடையது, செய்தவர் டேவிட் செர்னி என்ற சிற்பி. 2014-ல் ஒரு வணிக வளாக வாசலில் வைத்தார்கள். துருப்பிடிக்காத எஃகில் 42 அடுக்கு, உயரம் சுமார் 11 மீட்டர், எடை 39 டன். அடுக்குகள் தனித்தனியாகச் சுற்றி, பிறகு ஒன்றுசேர்ந்து முகமாக நிற்கும். பேரிங் பொருத்தியவருக்கு ஒரு கும்பிடு. மற்றபடி அது செல்ஃபிக்கான சாமான். அதே ஆள் 2004-ல் காஃப்கா மியூசியம் முற்றத்தில் செய்த வேலை எனக்கு இதைவிட உசத்தி. செக் நாட்டு வரைபட வடிவத்தில் ஒரு தொட்டி, அதில் இரண்டு வெண்கல ஆண்கள் எதிரெதிரே நின்று சிறுநீர் கழிக்கிறார்கள். இடுப்பு இட வலமாக அசையும், மற்றது மேலும் கீழுமாக. இரண்டே அச்சு. அதை வைத்துத் தண்ணீரில் எழுத்து எழுதுவார்கள். சிரித்துக்கொண்டே வரும் கூட்டம், காலடியில் இருப்பது நாட்டின் வரைபடம் என்று தெரிந்ததும் இன்னொரு தடவை சுற்றி வந்து பார்க்கும். சுவரில் விளக்கம் ஒட்டத் தேவையே இல்லை.

ஆனால் நீங்கள் உண்மையில் தேடிப் பார்க்க வேண்டிய ஆள் ஸ்டெனெக் பெஷானெக், 1896-ல் பிறந்து 1965-ல் இறந்தவர். இப்போது செய்பவர்களைக் கேட்டால் இறந்தவரைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். ப்ராகில் 2022-ல் குன்ஸ்ட்ஹாலே என்று ஒரு புதிய கலைக்கூடம் திறந்தார்கள், பழைய மின்மாற்றி நிலையத்தைப் புதுப்பித்து. திறப்புக் கண்காட்சியே கலையில் மின்சாரத்தின் நூறு ஆண்டுகள் பற்றியது, தொகுத்தவர் பீட்டர் வைபெல். அந்தக் கட்டடத்துக்காக 1930-களில் பெஷானெக் மின்சாரத்தைப் பற்றிய ஒளிச்சிற்பங்கள் செய்திருந்தார். பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 1937-ல் போன அவை அந்தக் கட்டடத்தில் ஏறவே இல்லை. அதே காலத்தில் இன்னொரு வேலையில் ஆண் உடல், பெண் உடல் இரண்டையும் தலையில்லாமல் வடித்து, நியான் குழாய் சேர்த்திருக்கிறார். உள்ளே விளக்கு மாறும்போது நெஞ்சு மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு தோற்றம்.

இதற்கும் முன்னால், 1930 வாக்கில், ப்ராகில் எடிசன் என்று பெயர் வைத்த இன்னொரு மின்நிலையத்தின் முகப்பில் ஒரு ஒளிச்சிற்பம் வைத்தார். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஓட்டை போட்ட ஒரு காகிதச் சுருள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஊர் அம்மன் கோவில் சீரியல் செட்டை நினைத்துப் பாருங்கள். சிங்கம் நாக்கை நீட்டும், அம்மன் கை சூலத்தைத் தூக்கும். சிப் வருவதற்கு முன்னால் அதை ஓட்டியது மரத்தில் செய்த ஒரு டிரம். மேலே செப்புத் தகடு அடித்திருப்பார்கள், மோட்டார் சுற்றச் சுற்றத் தகடு பட்ட பல்பு எரியும். பெஷானெக் காகிதத்தில் ஓட்டை போட்டார், கொடுங்கையூரில் தகடு அடித்தார்கள். ஆடி மாதம்தானே வைக்கிறீர்கள்? சீரியல் செட் போடும் பெரியவர் ஒருவரைப் பிடித்து உங்கள் களிமண் உடம்புக்கு விளக்கு போடச் சொல்லுங்கள். செக் நாட்டிலிருந்து எடுக்க வேண்டியது அந்தத் துணிச்சல்தான், சாமானெல்லாம் இங்கேயே இருக்கிறது.

பதில்: திருவொற்றியூர் வாசகி

மெக்கானிக் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் பட்டியலில் ஆண்களும் மோட்டார்களும் மட்டும்தான் இருக்கிறார்கள். மோட்டாரே இல்லாமல் உடலை அசைத்தவர்கள் அங்கே உண்டு.

கடெர்ஷினா ஷெடா, பிறப்பு 1977, ப்ர்னோ ஊர்க்காரர். 2003-ல் போனியெடோவிட்சே என்ற கிராமத்தில் 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று சலித்துக்கொண்டிருந்த மக்களை ஒரு சனிக்கிழமை ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வைத்தார். எல்லா வீட்டிலும் ஒன்றாக ஜன்னல் திறந்தார்கள், ஒன்றாக வாசல் பெருக்கினார்கள், மதியம் ஒரே சாப்பாடு, இரவு 10 மணிக்கு ஊரே விளக்கணைத்தது. ஏவா கோட்யாட்கோவாவையும் பாருங்கள். 2013-ல் வெனிஸ் நகரத்தின் பெரிய கலைக் கண்காட்சியில் அவர் வைத்த 'அசைலம்' என்ற வேலையில் மேடையின் ஓட்டைகள் வழியாக நிஜ ஆட்களின் தலையும் கையும் நீட்டிக்கொண்டிருக்கும். பொம்மை எது ஆள் எது என்று ஒரு நொடி குழப்பம். அட்ரியெனா ஷிமோடோவா, 2014-ல் காலமானவர், மெல்லிய காகிதத்தை உடம்பின் மேல் வைத்துத் தேய்த்து அச்சு எடுத்தார். காற்று பட்டால் அதுவும் அசையும், மின்சாரக் கட்டணம் இல்லை.

துறைமுகத்தில் காலை மூன்று மணிக்கு ஏலம் எடுக்கும் உடம்புகளைவிடவா உங்களுக்கு அசைவு வேண்டும்? அந்த அக்காக்கள் கையையே அச்சு எடுங்கள். தங்கள் கை சுவரில் தொங்கினால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

கேள்வியாளர்: ராயபுரம் மண்பொம்மை

இரண்டு பேருக்கும் நன்றி. ஷெடாவின் கிராமம் மண்டையில் ஏறிவிட்டது, கை அச்சுக்குச் சித்தியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ப்ரொஜெக்டர் வேண்டாம், சரி. ஆனால் ஒரே ஒரு உருவமாவது அசைய வேண்டும். வலை இழுக்கும் ஆள், முன்னும் பின்னுமாக. கார் வைப்பர் மோட்டார் போதும் என்கிறான் நண்பன். போதுமா?

பதில்: பெரம்பூர் மெக்கானிக்

வாசகியம்மா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஷெடாவுக்கு ஊரே மோட்டார்.

வைப்பர் மோட்டார் தாராளமாகப் போதும், விநாயகர் சதுர்த்திக்குத் தலையாட்டும் பொம்மையெல்லாம் அதில்தான் ஓடுகிறது. புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். லாரியுடையது வேண்டாம், அது 24 வோல்ட். காருடையது 12 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை போடுங்கள். களிமண் உடம்பை நேராக மோட்டாரில் மாட்டாதீர்கள், இடுப்பில் இரும்புக் கம்பியும் இரண்டு பேரிங்கும் வைத்து எடையை அதில் இறக்குங்கள். மோட்டார் இழுக்க மட்டும்தான்.

முக்கியமான விஷயம்: க்ராங்க், அதாவது மோட்டார் சுற்றை முன்னும் பின்னுமாக மாற்றும் வளைகம்பி, போட்டால் போவதும் வருவதும் ஒரே சீராக இருக்கும், பொம்மைத்தனம் தெரியும். அதற்குப் பதிலாக நத்தை ஓடு வடிவத்தில் ஒரு கேம் (cam, சுற்றும்போது தன் விளிம்பால் தள்ளும் தகடு) வெட்டுங்கள். மெதுவாக இழுத்துக்கொண்டே போய்ச் சட்டென்று விட்டுவிடும். வலை இழுப்பவன் உடம்பு அப்படித்தான் போகும். நேரம் பார்த்துத் தானே நிறுத்தி ஓட்டும் டைமர் ரிலே ஒன்று சேர்த்து நாலு இழுப்புக்கு ஒரு ஓய்வு கொடுங்கள், மோட்டாரும் சூடாகாது, பார்ப்பவர்களும் அடுத்த இழுப்புக்காக நிற்பார்கள். துறைமுகக் காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், தினமும் கிரீஸ் வையுங்கள். கேம் வெட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவில் லேத் இருக்கிறது.