சிப்ஸ் கவர் மூட்டையை யார்கிட்ட குடுக்கறது? (சேலம்)

அழகாபுரம் பக்கம் 24 வீடு அபார்ட்மெண்ட் எங்களோடது, ஆறு மாசமா மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சு வெக்கறோம். அட்டைப்பெட்டி, பால் கவர், பாட்டில் எல்லாம் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கிக்கறார், ஆனா உள்ள வெள்ளியா மின்னுமே சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், அது மட்டும் வேணவே வேணாம்ங்கறார், பிளாஸ்டிக்கோட அலுமினியமும் ஒட்டியிருக்கறதால பிரிக்க முடியாதாம். மூணு காயலான் கடை ஏறி இறங்கியாச்சு, செவ்வாப்பேட்டைல ஒருத்தர் சிரிச்சே அனுப்பிட்டார். கழுவி காய வெச்சு குடுத்தும் எடுபடல. இப்ப பார்க்கிங்ல 11 மூட்டை நிக்குது, எலி வேற. மொட்டை மாடில போட்டு கொளுத்திடலாம்ங்கறார் ஒரு அங்கிள், அது மட்டும் நடக்காதுன்னு சொல்லிட்டேன்.

சிமெண்ட் ஆலைல இதை நிலக்கரிக்குப் பதிலா எரிப்பாங்கன்னு தெரியும். சேலம், சங்ககிரி பக்கம் அப்படி அனுப்பறதுக்கு வீட்டு வாசல்ல வந்து எடுத்துக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?