1200 கிராம் குழந்தைக்கு எனாக்ஸபரின்: 0.024 மி.லி.யை எப்படி அளப்பது?

கேள்வி (என்ஐசியு, அதாவது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், தண்டையார்பேட்டை):
30 வாரத்தில் பிறந்த குழந்தை, இன்று 9-ஆம் நாள், 1200 கிராம். தொப்புள் சிரைக் கதீட்டர் (தொப்புள் வழியாக ரத்தக்குழாயில் செருகிய மெல்லிய குழாய்) நுனியில் ரத்தக் கட்டி. எனாக்ஸபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து) கிலோவுக்கு 2 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆர்டர். கையில் 40 மி.கி./0.4 மி.லி. சிரிஞ்ச்தான் இருக்கிறது. 2.4 மி.கி.யை, அதாவது 0.024 மி.லி.யை, இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கலாமா?

பதில் (பார்மசிஸ்ட், ராயபுரம்):
வேண்டாம் சிஸ்டர். சிவப்பு மூடி யு-40 (மி.லி.க்கு 40 யூனிட்), ஆரஞ்சு மூடி யு-100 (மி.லி.க்கு 100 யூனிட்) இரண்டும் நம்மிடம் புழங்குகின்றன. இந்த மருந்துக்கு யு-100-இல் ஒரு யூனிட் 1 மி.கி.; யு-40-இல் அதே ஒரு யூனிட் 2.5 மி.கி. நைட் ட்யூட்டியில் சிரிஞ்ச் மாறினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.
40 மி.கி. முழுவதையும் காலி ஸ்டெரைல் வயலில் விட்டு 1.6 மி.லி. நார்மல் சலைன் சேருங்கள். 2 மி.லி. ஆகும், மி.லி.க்கு 20 மி.கி. உங்கள் டோஸ் 0.12 மி.லி. சிரிஞ்சுக்குள்ளேயே கலக்காதீர்கள்: ஊசி அடியில் தங்கிய அடர் மருந்தும் சேர்ந்து வந்துவிடும். இன்னொருவர் கணக்கைச் சரிபார்க்கட்டும். மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பதில் (பச்சிளங்குழந்தை மருத்துவர்):
அளவு சரி. முதல் ஊசிக்கு முன் உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் பார்த்தாச்சா? குறைமாதக் குழந்தைக்கு மூளை ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 3 நாளில்தான். 9-ஆம் நாளில் ஆபத்து குறைவு, ஆனாலும் பழைய கசிவு இருந்தால் முடிவே மாறும். பிளேட்லெட் 50,000-க்கு மேல் வேண்டும். தசை ஊசி எதுவும் கூடாது. முதுகில் நீர் எடுப்பதென்றால் 24 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். கதீட்டரை உடனே உருவாதீர்கள், 3–5 நாள் மருந்து போன பிறகுதான்; கட்டி பிய்ந்து ஓடும். ரத்தம் கசிந்தால் மாற்று மருந்தாகப் புரோட்டமின் உண்டு, ஆனால் எனாக்ஸபரினை அது பாதிதான் முறிக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஆன்டி டென்-ஏ (anti-Xa, மருந்து ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) வெளியே அனுப்பணும் டாக்டர். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி நின்றால் இரண்டு மணி நேரம்.

பதில் (லேப் டெக்னீஷியன்):
ஊசி போட்ட 4–6 மணி நேரத்தில் எடுங்கள், இலக்கு மி.லி.க்கு 0.5–1.0 யூனிட். ஹெப்பரின் (இதுவும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து) ஓடும் லைனில் எடுத்தால் பொய்யாக உயரும், வேறு நரம்பில் எடுக்கணும். நீல மூடி டியூபைக் கோடு வரை நிரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்து அனுப்புங்கள். அது உருகாமல் இருக்கும்வரை லாரி நின்றாலும் கவலையில்லை.