ரன்-பிளாட் டயர்: குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

நண்பர்களே, ஓர் அவசர உதவி. என்னுடையது 2015-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 320டி. டயர் அளவு 225/50 ஆர்17; காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் வகை.

போன வாரம் இரவு, சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும்போது முன் இடது டயர் பள்ளத்தில் இறங்கி அடிபட்டது. பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். காற்று முழுவதும் போயும் வண்டி தடுமாறவில்லை. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. பின் இருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஓட்டி ஊர் சேர்ந்தேன். காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்பார்கள். அன்றுதான் அதன் அருமை தெரிந்தது.

ஆகவே சாதாரண டயருக்கு மாற மனமில்லை. வண்டியில் ஸ்டெப்னியும் கிடையாது. ஆனால் நான்கையும் ஒன்றாக மாற்றப் பணம் போதாது. முன்பக்கம் இரண்டை மட்டும் மாற்றலாமா? பின்னால் வேறு நிறுவனத்தின் ரன்-பிளாட் இருந்தால் பரவாயில்லையா?

ஒரு கடையில் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். குனிந்து பார்த்தால், டயரில் 1419 என்று இருந்தது. 2019-இன் பதினான்காவது வாரத்தில் செய்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிரிட்ஜ்ஸ்டோன், மிச்செலின், குட்இயர் ரன்-பிளாட்களை நம் சாலைகளில் ஓட்டியவர்கள், எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, என்ன விலை கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்த விறைப்பான டயரை ரிம்மில் கீறல் விழாமல் மாட்டித் தரும் கடை சேலம், ஈரோடு பக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.